கடல் கடந்த வீட்டில் மழலை

கடல் கடந்து வாழும் தமிழரைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியும், அவர்களுடைய குடியுரிமையைப் பற்றியும், அவர்கள் அங்கே படும் அவமதிப்பைப் பற்றியுமே பேசி வருகிறோம். அவை பேச வேண்டிய விஷயங்களே. ஆனால், அந்தக் குடும்பங்களுக்குள் காலையில் கண் விழித்தது முதல் இரவில் விளக்கணைக்கும் வரை ஓயாமல் நடக்கும் வியவகாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சட்டசபையில் பேசுவோரும் இல்லை. மேடையில் முழங்குவோரும் இல்லை. தாய் தமிழில் கேட்ட கேள்விக்கு இரண்டு வயதுக் குழந்தை எந்தப் பாஷையில் பதில் சொல்கிறது என்பதே அது. இதை அடுக்களைச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே அநேகர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

எந்தத் தேசத்துத் தமிழரைப் பற்றியும் இதை எழுதலாம். எனினும் விருதுநகர் ஜில்லாவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வானம் பார்த்த கரிசல் பூமி அது. விவசாயம் கைவிட்ட இடத்தில் கைத்தொழில் கைகொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, பழக்கமில்லாத ஜனங்களிடையே, பழக்கமில்லாத பாஷையின் நடுவே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின்னர் தீப்பெட்டியும், பட்டாசும், அச்சும் அந்த ஊரின் மூன்று தூண்களாயின. இந்திய தேசத்தில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தில் தயாராவதாகச் சொல்வார்கள். அதற்கு அந்த மண் கொடுத்த விலையையும் தேசம் அறியும். குழந்தைகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசித் தொழிற்சாலைகளைக் குறித்தே 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் அதற்குச் சாட்சி. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துக்களை எண்ணப் புகுந்தால் இந்தப் பத்தி போதாது.

இப்படிப்பட்ட ஊரில், திரி உருட்டியும் தீப்பெட்டி ஒட்டியும் பிள்ளையை வளர்த்த தாய் ஒருத்திக்கு இங்கிலீஷ் என்பது என்ன? அது அந்நிய ஆட்சியின் சின்னமல்ல, பகட்டும் அல்ல. மருந்து அறையிலிருந்து தன் மகனை வெளியே ஏற்றிவிடும் ஏணி அது. கடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்; மகன் இஞ்சினீயர் ஆனான்; சிங்கப்பூருக்கோ, துபாய்க்கோ, அமெரிக்காவுக்கோ போனான்; அங்கே கல்யாணமும் குடித்தனமும் குழந்தையுமாக இருக்கிறான். ஏணியில் ஏறியவர்களை நாம் பழிக்கப் போவதில்லை. ஆனால், ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவளின் கதி என்னவாயிற்று என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியின் திரையில் பேரக்குழந்தையின் முகத்தைக் காண்கிறாள். “என்ன சாப்பிட்டே, ராசா?” என்கிறாள். குழந்தை தகப்பனைப் பார்க்கிறது. தகப்பன் மொழிபெயர்க்கிறான். குழந்தை ஒரு சொல்லை இங்கிலீஷில் உதிர்த்துவிட்டு ஓடிப்போகிறது. அந்தச் சொல்லையும் தகப்பன் மொழிபெயர்க்கிறான். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே துபாஷி வேண்டியிருக்கிறது! கும்பினிக் காலத்தில் கவர்னருக்கும் குடிகளுக்கும் நடுவேதான் துபாஷிகள் நின்றார்கள்.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நேர்வதன்று, கடிகாரத்தால் நேர்கிறது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில், குழந்தை காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை காப்பகத்தில் இருக்கிறது. பகல் தூக்கம் இரண்டு மணியைக் கழித்தால் நாளொன்றுக்கு 8 மணி நேரம். வாரத்தில் ஐந்து நாளைக்கு 40 மணி நேரம் இங்கிலீஷ் கேட்கிறது. வீட்டிலோ காலையில் ஒன்றரை மணியும் மாலையில் இரண்டரை மணியும் சேர்ந்து ஐந்து நாளைக்கு 20 மணி நேரம். சனி ஞாயிறு இரண்டு நாளும் தூக்கம் போக 24 மணி நேரம். ஆக, 44 மணி நேரம். கணக்கில் தமிழே ஜயிக்கிறது. நடைமுறையில் தோற்றுப்போகிறது. ஏனெனில் அந்தக் காலை ஒன்றரை மணி நேரம் பல் துலக்குவதிலும், காலில் செருப்பு மாட்டுவதிலும், “சீக்கிரம், சீக்கிரம்” என்ற ஒரே சொல்லிலும் கழிந்துபோகிறது. மாலையில் அடுப்பில் குக்கர் கூவும்போது குழந்தையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. அதில் பாடும் பொம்மைகள் இங்கிலீஷில் பாடுகின்றன. சனிக்கிழமை காய்கறிக் கடைக்கும் துணி துவைப்பதற்கும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்திலும் தாயும் தகப்பனும் தங்களுக்குள் ஆபீஸ் விஷயங்களைப் பேசுவது பாதி இங்கிலீஷில்தான்.

இந்த நிலையில், காப்பகத்தில் ஒரு உபாத்தியாயினியோ, வைத்தியர் ஒருவரோ, “குழந்தை பேசத் தாமதிக்கிறது, வீட்டில் இரண்டு பாஷை வேண்டாம், இங்கிலீஷிலேயே பேசுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பெற்றோர் நடுங்கிப்போகிறார்கள். அன்றிரவே வீட்டில் பாஷை மாறிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் புத்திமதிதான் இது. ஆனால் இதற்குச் சாஸ்திர ஆதாரம் இல்லை என்பதை நம் நேயர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பாஷை குழந்தையின் மூளையைக் குழப்பும் என்ற எண்ணம் எப்படி வந்தது? 1923இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஸேயர் என்பவர், இருபாஷை பேசும் கிராமத்துப் பிள்ளைகள் புத்திப் பரீட்சையில் பின்தங்குவதாக எழுதினார். பட்டணத்துப் பணக்காரப் பிள்ளையையும் கிராமத்து ஏழைப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆளும் பாஷையைப் பேசுவோருக்கு அந்த முடிவு இனித்தது. நாற்பது வருஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1962இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்ற இருவர், குடும்ப அந்தஸ்தைச் சமப்படுத்தி, பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிரெஞ்சும் இங்கிலீஷும் நன்றாக அறிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள். அதற்கு வெகு முன்பே, 1913இல், ழூல் ரொன்ழா என்ற பிரெஞ்சுப் பண்டிதர் தம் மகன் தகப்பனிடம் பிரெஞ்சும் தாயிடம் ஜெர்மனும் பேசி வளர்ந்ததை நாள்தோறும் குறித்து ஒரு புஸ்தகமாகவே வெளியிட்டிருந்தார். குழந்தைக்கு ஒரு பாஷையில் மட்டும் எண்ணிப் பார்த்தால் சொற்கள் குறைவாகத் தோன்றும். இரண்டு பாஷைச் சொற்களையும் கூட்டி எண்ணினால் குறை தீர்ந்துவிடும். பேச்சில் உண்மையாகவே தாமதமுள்ள குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். தாய்பாஷையைப் பிடுங்குவது சிகிச்சையாகாது.

அப்படியானால் எது குழந்தைக்கு வீட்டுப் பாஷையைத் தருகிறது, எது பறிக்கிறது? பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை ஆராய்ந்து அனிக் டி ஹூவர் என்ற அறிஞர் 2007இல் வெளியிட்ட முடிவு நம் பெற்றோருக்கு ஒரு கண்ணாடி. வெளியார் பாஷை வீட்டில் புழங்கிய அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கில் குழந்தை அந்தப் பாஷையைப் பேசவே இல்லை. ஆனால் பெற்றோர் இருவரும் வீட்டில் தம் பாஷையையே பேசிய குடும்பங்களில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் அதைப் பேசின. ஒருவர் ஊர்ப் பாஷையை மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளிலோ பெரும்பாலான குழந்தைகள் பேசவில்லை. குழந்தை வெகு சிக்கனமான பிராணி. ஒரு பாஷை இல்லாமலே காரியம் நடக்கும் என்று தெரிந்துகொண்டால் அதைச் சுமக்காது.

இந்த விவாதம் புதிதென்று நினைப்பவர்கள் மகாத்மா காந்தியின் சுயசரிதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளுக்கும் அவருடைய ஆத்ம நண்பர் போலாக்குக்கும் இதே விஷயத்தில் காரசாரமான தர்க்கம் நடந்திருக்கிறது. சிறு வயதிலேயே இங்கிலீஷைக் கொடுத்துவிட்டால் வாழ்க்கைப் பந்தயத்தில் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள் என்பது போலாக்கின் கட்சி. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலீஷில் நினைக்கப் பழக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்கும் தேசத்துக்கும் துரோகம் செய்கிறார்கள் என்பது காந்தியடிகளின் கட்சி. தம் பிள்ளைகளுடன் அவர் குஜராத்தியிலேயே பேசினார். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராமற் போயிற்றா? இல்லை. பல தேசத்து நண்பர்கள் வந்துபோன வீடாதலால் பேசிப் பேசியே வந்துவிட்டது. ‘துரோகம்’ என்ற சொல்லை இன்றைய பெற்றோர்மீது பிரயோகிக்க நமக்கு மனமில்லை. மருந்து அறையின் பயம் காந்தியடிகளின் வீட்டுக்கு இருந்ததில்லை. ஆனால் அவருடைய நடைமுறை சரியென்பதை அநுபவம் காட்டிவிட்டது.

அதே சுயசரிதையில் தமிழர் தலைகுனிய வேண்டிய, அல்லது நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. 1910இல் ஜோஹன்னஸ்பர்க்குக்கு அருகே காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமே! தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் கொஞ்சமே தெரியும், எழுத்து அடியோடு தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தையும் இலக்கணத்தின் ஆரம்பத்தையும் கற்பித்த ஆசிரியர் யார்? கப்பற் பிரயாணத்திலும் சிறையிலும் போப்பையர் எழுதிய கைந்நூலை வைத்துக்கொண்டு அரைகுறையாகத் தமிழ் படித்த குஜராத்திக்காரராகிய காந்தியடிகள்! தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமற்போன எழுத்தை ஒரு குஜராத்தி கொடுத்தார்.

அந்தத் தேசத்தில் பிறகு நடந்தது என்ன? 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் கொண்டு இறக்கியது. 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இந்தியர் அந்த நாட்டால் மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கரும். இன்று அவர்களுடைய சந்ததியார் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பேசுவது இங்கிலீஷ். மொரீஷியஸ் தீவில் இன்னும் விசித்திரம்: அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் நோட்டைக் கையில் வைத்திருக்கும் தமிழ் வமிசத்தார் பெரும்பாலோர் கிரியோல் பேசுகிறார்கள். சர்க்கார் நோட்டில் இடம் பெற்ற பாஷை தொட்டிலில் இடம் பெறவில்லை.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கே தமிழ் நான்கு உத்தியோக பாஷைகளுள் ஒன்று; பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் பாடம் உண்டு; 1935இல் ஸ்ரீ கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது. அரசாங்கம் இதற்கு மேல் செய்வது அரிது. அப்படியிருந்தும், 2020ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், அந்நாட்டு வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுவோர் நூற்றுக்கு 48 பேர். 2010இல் அது 32ஆக இருந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரையும் சேர்த்துத்தான் இக்கணக்கு. பள்ளிக்கூடம் ஆறு வயதில் தொடங்குகிறது. பாஷையோ ஒரு வயதில் தொடங்கிவிடுகிறது. நடுவே இருக்கும் ஐந்து வருஷத்தைச் சர்க்கார் சட்டம் போட்டு நிரப்ப முடியாது.

சிங்கப்பூர்க்காரர்கள் கண்டுபிடித்த இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாம் எழுதும் இந்த நடைக்கே அது எதிர்வாதமாக இருந்தாலும் மறைப்பதற்கில்லை. வீட்டில் குழந்தை “எனக்குப் பசிக்குது” என்று பேசுகிறது. புஸ்தகத்தில் “எனக்குப் பசிக்கிறது” என்று இருக்கிறது. குழந்தை வாய் திறந்தவுடன் ‘அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்’ என்று திருத்தினால், தனக்குத் தெரிந்த தமிழ் தப்புத் தமிழ் என்று எண்ணி அது வாயை மூடிக்கொள்கிறது. 2005இல் அந்நாட்டுப் பாடத்திட்டப் பரிசீலனைக் குழு, நல்ல பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று சிபாரிசு செய்ததற்குக் காரணம் இதுவே. சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்குத் தமிழ் வரவில்லை என்று எவன் சொல்வான்? ழகரம் பிறகு வரும். வாய் முதலில் திறக்கட்டும்.

கலப்பைப் பற்றியும் நம்மவர்கள் அளவுக்கு மீறிக் கலங்குகிறார்கள். குழந்தை ‘பால்’ என்று இங்கிலீஷில் பந்தைச் சொன்னால் தமிழ் அழிந்துவிட்டதாகப் புலம்புவோர், தீபாவளியன்று கொளுத்தும் மத்தாப்பு பாரசீகச் சொல் என்பதை மறந்துவிடுகிறார்கள். நிலவொளியைக் குறித்த ‘மஹ்தாப்’ என்ற சொல்லே சிவகாசியில் மத்தாப்பாகப் பெட்டியில் அடைபடுகிறது. பெயர்ச்சொல் விருந்தாளி, வரும், தங்கும், வீட்டு மனுஷனாகவும் ஆகிவிடும். கவனிக்க வேண்டியது வினைச்சொல். “பாலை எடு”, “பாலைத் தூக்கிப் போட்டேன்” என்று குழந்தை சொல்லும்வரை அந்த வீட்டில் தமிழ் உயிரோடிருக்கிறது. ‘எடு’வும் ‘போட்டேன்’னும் போன அன்றுதான் பயப்பட வேண்டும்.

நம் அபிப்பிராயத்தில் முதலில் உதிர்வது சொல்லே அல்ல, உறவு. சிவகாசித் தெருவில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை ஒரு காலை நேரத்துக்குள் அத்தை, மதினி, சித்தப்பா, பெரியம்மா, தாத்தா, அப்பத்தா என்று பத்துப் பேரிடம் போய்வந்துவிடும். யார் யாரை ‘வாங்க’ என்கிறார்கள், யாரை ‘வா’ என்கிறார்கள் என்று காதால் கேட்டே கற்றுக்கொள்ளும். அந்நிய நாட்டு அடுக்குமாடி வீட்டிலோ தமிழ் பேசும் வாய்கள் இரண்டே. அந்த இரண்டும் குழந்தையை ‘நீ’ என்றே அழைக்கின்றன. ஆகவே குழந்தைக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ‘நீ’த் தமிழ். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, வாசலில் நிற்கும் தாத்தாவைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்கிறது. ஊரார் சிரிக்கிறார்கள்; தாய் வெட்கப்படுகிறாள்; ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்ற பெயர் வந்துவிடுகிறது. மரியாதை தெரியாததல்ல; மரியாதையைக் காதால் கேட்கும் சந்தர்ப்பம் அதற்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே குல்லாயைத் தாய்மாமனுக்கும், சித்தப்பனுக்கும், பால்காரனுக்கும் போட்டுவிடலாம். தமிழில் அது நடவாது. கணவனும் மனைவியும் குழந்தையின் எதிரில் ஒருவரையொருவர் ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசிக்கொண்டால்கூட இந்தக் குறையில் பாதி தீரும் என்று நாம் கருதுகிறோம்.

பாஷையை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் வெளிதேசத்துக்குப் போக வேண்டியதில்லை. விருதுநகர் ஜில்லாவிலேயே சுற்றிப் பார்க்கலாம். ராஜபாளையத்து ராஜுக்களும், சாத்தூர் வட்டாரத்துக் கம்மவாரும், கரிசல் கிராமங்களில் பரவிக் கிடக்கும் ரெட்டிமாரும் நாயக்கமாரும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வந்து குடியேறிய ஜனங்கள் இவர்கள். எத்தனையோ தலைமுறையாகத் தெலுங்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தெலுங்கு எழுத்துப் படித்தவர் அரியர். ஆயினும் இரண்டு வயதுக் குழந்தை வீட்டுக்குள் தெலுங்கிலும் தெருவில் தமிழிலும் பேசுகிறது. அதனால் அவர்களுடைய தமிழ் குறைந்துபோயிற்றா? 1949இல் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக வந்த ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். ஜில்லா எல்லையைத் தாண்டிச் சில மைல் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் தெலுங்கு வீட்டில் வளர்ந்த ஸ்ரீ கி. ராஜநாராயணனே கரிசல் தமிழுக்கு அகராதி கண்டவர். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். வீட்டுப் பாஷையை விட்டால்தான் ஊர்ப் பாஷை வரும் என்போர் அந்தக் கிராமத்தில் ஒருநாள் தங்கிப் பார்க்கட்டும்.

ஆனால் ஒப்பிடுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்தத் தெலுங்கு வீடுகள் தனி வீடுகள் அல்ல. தெருவே ஒரு வீடு, சம்பந்தம் அதே ஜனங்களுக்குள், பாட்டி திண்ணையில். அயல்நாட்டில் தனிக் குடும்பம் இதைத் தன்னந்தனியாகச் செய்ய முடியாது. நாலு குடும்பம் சேர வேண்டும். சேர்ந்தும் இருக்கிறார்கள். லண்டனிலும், டொராண்டோவிலும், அமெரிக்க நகரங்களிலும் சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட அறைகளை வாடகைக்கு எடுத்து, பெற்றோரே ஆசிரியராக நின்று தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் விருதுநகர்க்காரருக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அன்று விருதுபட்டி என்று வழங்கிய அந்த ஊரில், வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். ஸ்ரீ காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அதுதான். அயலகத்துப் பள்ளிகளில் நாம் காணும் குறை ஒன்றே: ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே சேர்க்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளைத் தாய்மாரோடு கூட்டி, ஒரு பாயை விரித்து, எழுத்தும் பலகையும் இல்லாமல் கதை சொல்லவும் விளையாடவும் விடுவது அதனினும் அவசியம். அந்தப் பாயில் உட்கார ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி ஒருத்தி போதும்.

பாட்டியுடன் தொலைபேசும் முறையையும் மாற்ற வேண்டும். ‘பாட்டிக்கு ஹலோ சொல்லு, பாட்டுப் பாடிக் காட்டு’ என்று குழந்தையைப் பரீட்சை மண்டபத்தில் நிறுத்துவது போல் நிறுத்தினால் அது ஓடத்தான் செய்யும். பாட்டி கடலை உரிப்பதையோ, கோழிக்கு அரிசி இறைப்பதையோ, வாசலில் கோலமிடுவதையோ குழந்தை பார்த்துக்கொண்டிருக்கட்டும். சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பார்சலில் வரும்போது அவற்றின் பெயரும் கூடவே வருகிறது. சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசு வெடிக்கத் தடை. அங்கே வளரும் சிவகாசிக் குழந்தைக்குப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் சாட்டையும் கண்ணாற் காணக் கிடைப்பது ஊருக்கு வரும் தீபாவளியில்தான். இரண்டு வாரம் ஊரில் இருந்தால் இரண்டு மாதத் தமிழ் வந்துவிடும் என்பது பல தாய்மார் கண்ட அநுபவம்.

இனி, நேயர்கள் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் கூற வேண்டியிருக்கிறது. விருதுநகர் ஜில்லாவின் நூற்பாலைகளிலும் அச்சுக்கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் இன்று ஒடிசா, பீஹார், ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். சிலர் மனைவி மக்களோடு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு நாமே அயல்நாடு. ‘ஹிந்திக்காரன்’ என்று எல்லாரையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒரியாவும் சந்தாலியும் போஜ்புரியும் வேறு வேறு பாஷைகள் என்று நமக்குத் தெரியாது. ‘மதராஸி’ என்று வடக்கே நம்மை அழைத்தபோது நமக்கு எப்படி இருந்தது? அந்தக் குழந்தை அங்கன்வாடியில் தமிழ் கற்கட்டும், கற்கத்தான் வேண்டும். வீட்டில் ஒரியா பேசினால் ‘தமிழில் பேசு’ என்று அதட்டாதிருப்பது நம் கடமை. அரசியல் நிர்ணயத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ என்ற ஷரத்து, சிறுபான்மைப் பாஷைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்பாஷையில் அளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ராஜ்யங்களைக் கேட்கிறது. மில் முதலாளிகள் குடியிருப்புக் கட்டும்போது, அந்தப் பாஷை தெரிந்த ஒரு பெண்மணியைக் குழந்தைகளைக் கவனிக்க அமர்த்துவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? டர்பனில் நம் குழந்தைக்குக் கிடைக்காததை நம் ஊரில் அடுத்தவன் குழந்தைக்கு நாம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கடைசியாகச் சிவகாசி அச்சுக்கூடத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உலகில் எந்த மூலையில் தமிழ்க் குடும்பம் இருந்தாலும் அந்த வீட்டுச் சுவரில் அநேகமாக அவர்கள் அச்சிட்ட தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழிக்கும் வேலையைக் குழந்தைக்குத்தான் கொடுக்கிறார்கள். பெரிய தமிழ் எழுத்தை அது முதன்முதலில் கையால் தொடுவது அங்கேதான். அந்தத் தாளில் ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் காலண்டர்களில், ஒரு படமும், அதன் கீழே தாய் வாய்விட்டுச் சொல்லத்தக்க நாலு வரிப் பேச்சுத் தமிழ்க் கதையும் அச்சிட்டால், வருஷத்துக்கு 365 கதை ஆயிற்று. எழுதித் தர அந்த ஜில்லாவில் ஆள் பஞ்சம் இல்லை. மறு வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வெளியிடுவது அவர்கள் வழக்கம். அதற்குள் இதை யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.